பள்ளி திறந்துவிட்டது, மகளுக்கு எழுத்து மறந்துவிட்டது

கேள்வி (2021 நவம்பர் கடைசியில் வந்த நீண்ட கடிதத்தின் சுருக்கம்): அக்கா, நான் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் தங்கும் விடுதியில் இருக்கிறேன். கட்டுமான வேலை. சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். மகளுக்கு 8 வயது, ஊர் ஆர்.சி. தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. சிஸ்டர்கள் நடத்தும் சின்னப் பள்ளி. ஐந்து வகுப்பையும் சேர்த்தால் நாற்பது பிள்ளைகள்கூட இருக்காது, டீச்சர் இரண்டே பேர். நாங்கள் இந்துக்கள், ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் படிக்கிறார்கள். நானும் அங்கேதான் படித்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளியை மூடியபோது மகள் ஒன்றாம் வகுப்பு. ஆன்லைன் பாடத்துக்கு வேண்டும் என்று கடன் வாங்கி நல்ல போன் வாங்கிக் கொடுத்தேன். சிஸ்டர் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினார், அவள் யூடியூப் பார்த்தாள். இந்த நவம்பர் 1ஆம் தேதி பள்ளி திறந்தது. ஒரு மாதம் ஆகப்போகிறது, தினமும் காலையில் அழுகிறாள். இரண்டெழுத்துச் சொல்லைக்கூட வாசிக்கத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் டவுன் மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷே படிக்கிறான். பெண்ணை அங்கே மாற்றச் சொல்லி மச்சான் நிற்கிறார். என் மனைவி பத்தாவது படித்தவள், நூறு நாள் வேலைக்கும் போய் மாட்டையும் பார்த்துக்கொள்கிறாள். "போனை வாங்கிக் கொடுத்துட்டு நீங்க அங்க இருக்கீங்க" என்று என்னைச் சொல்கிறாள். மகளுக்கு மூளையில் ஏதும் குறையா? பள்ளியை மாற்றலாமா? எட்டாவது படித்த நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? பேசாமல் ஊருக்கே போய்விடலாமா என்றும் தோன்றுகிறது.

பதில்:

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் மிகவும் பயந்துபோய்க் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மூளைக் குறை என்று நினைக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. மகள் உங்களோடு நன்றாகப் பேசுகிறாள், யூடியூபில் பார்த்த கதையை முழுசாகத் திருப்பிச் சொல்கிறாள், கடைக்குப் போய்ச் சில்லறையைச் சரியாக வாங்கி வருகிறாள் என்று கடிதத்தின் பின்பகுதியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு இல்லாதது வாசிப்பு மட்டும்தான். அது ஏன் இல்லை என்பதற்கும் தெளிவான காரணம் இருக்கிறது.

தமிழ் படிக்கும் பிள்ளை முதலில் அ, ஆ, இ, ஈ என்று பாட்டாகச் சொல்லும். அப்புறம் எழுத்தை அடையாளம் காணும். காலும் கொம்பும் சுழியும் சேர்ந்தால் ஒலி எப்படி மாறுகிறது என்பது அதற்கும் பிறகுதான் பிடிபடும். எழுத்துக்கூட்டிப் படிப்பது என்று நாம் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். பல பிள்ளைகளுக்கு இது ஒன்றாம் வகுப்பின் கடைசி மாதங்களில் கூடிவரும், இரண்டாம் வகுப்பில் நிலைக்கும். உங்கள் மகளுக்கு அந்தக் கடைசி மாதங்களில் பள்ளி மூடியது, இரண்டாம் வகுப்பு முழுவதும் வீட்டிலேயே போனது. உங்கள் வேலையை வைத்தே சொல்கிறேன்: சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்ற வேண்டிய அன்று சைட்டையே மூடிவிட்டார்கள். ஒன்றரை வருடம் கழித்து வந்து தளம் ஏன் நிற்கவில்லை என்று கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயமில்லை. அவளை யாரும் அப்படிக் கேட்க விடாதீர்கள்.

சிங்கப்பூரில் நான் கண்டதையும் சொல்கிறேன். இங்கே தொடக்கப்பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு, பிறகு வாசிக்கத் தடுமாறும் சின்னப் பிள்ளைகளுக்கான கற்றல் ஆதரவு வேலைக்கு வந்தவள் நான். இங்கே 2020 ஏப்ரல் 8 முதல் எல்லாப் பிள்ளைகளும் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறினார்கள். ஜூன் விடுமுறையை மே மாதத்துக்கு முன்தள்ளினார்கள். ஜூன் 2 முதல் படிப்படியாகத் திறந்து, ஜூன் 29 முதல் எல்லாரும் தினமும் பள்ளிக்கு வந்தார்கள். கணினி இல்லாத வீடுகளுக்குப் பள்ளியே கடனாகக் கொடுத்தது, பாடம் வைக்க இணையத் தளம் இருந்தது, ஆசிரியர்கள் திரையில் நேராகப் பேசினார்கள். இவ்வளவு இருந்தும், திரும்பி வந்த தொடக்கநிலை ஒன்று பிள்ளைகளில் சிலர் வாசலில் அம்மா கையை விடவில்லை. ஏற்கெனவே தெரிந்திருந்த சொல்லில் திணறினார்கள், பென்சிலைப் பிடிப்பதே மறந்ததுபோல உட்கார்ந்திருந்தார்கள். சில வாரம் பொறுமையாக எடுத்துச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 2020 மார்ச் நடுவிலிருந்து 2021 அக்டோபர் முடியும்வரை ஒன்று முதல் எட்டு வரை வகுப்பறையே கிடையாது. அது பத்தொன்பது மாதத்துக்கும் மேல். ஒரே போனில், அம்மா வயலுக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்விடும் வீட்டில், ஏழு வயதுக் குழந்தை தானாகத் தமிழ் படிக்கக் கற்றிருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

பள்ளி திறந்து ஒரு மாதம் என்கிறீர்கள். கொஞ்சம் கணக்குப் பாருங்கள். திங்கட்கிழமை திறந்தார்கள், வியாழக்கிழமை தீபாவளி. அப்புறம் மழை, டெல்டாவில் மழை விடுமுறைக்கு மேல் மழை விடுமுறை. உண்மையில் அவள் வகுப்பில் உட்கார்ந்த நாள் எத்தனை என்று மனைவியிடம் கேளுங்கள். கைவிரலுக்குள் அடங்கினாலும் அடங்கும். அதற்குள் முன்னேற்றம் தெரியவில்லையே என்று தவிப்பது அவளுக்கும் நியாயமில்லை, அந்த டீச்சருக்கும் நியாயமில்லை.

காலையில் அழுவது வேறு விஷயம், அதையும் படிப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் நிலை நன்றாகத் தெரியும். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தால் தனக்கு வராது, எல்லாரும் பார்ப்பார்கள் என்று தெரியும். அவள் பயப்படுவது பள்ளியை நினைத்து இல்லை, அந்த ஒரு நிமிடத்தை நினைத்துத்தான். ஆகவே டீச்சரிடம் நீங்கள் வைக்க வேண்டிய முதல் வேண்டுகோள் இது: பொங்கல் வரை எல்லார் முன்னாலும் அவளை எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு, தாழ்வாரத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கட்டும். இரண்டாவது, காலையில் மணி அடிக்கும் முன்பே அவள் போய்ச் சேரட்டும். கூட்டம் சேர்ந்த பிறகு தனியாக உள்ளே நுழைவது அழுகிற பிள்ளைக்குக் கஷ்டம். அவளுக்கென்று ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். மணி அடிப்பது, வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொடுப்பது, மாதா கெபிக்குப் பூ வைப்பது, எதுவாக இருந்தாலும் சரி. "நான் போகலைன்னா மணி யாரு அடிப்பா?" என்று பிள்ளை கேட்க ஆரம்பித்தால் அழுகை பாதி குறைந்துவிடும்.

டிசம்பர் வருகிறது. அந்த மாதிரிப் பள்ளிகளில் கிறிஸ்துமஸ் என்றால் எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்க்கமாட்டார்கள். குடில் போடவும் நட்சத்திரம் கட்டவும் நடனம் ஆடவும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். நீங்களும் ஆடியிருப்பீர்கள். இந்த வருடம் சின்ன அளவில் வைத்தாலும், அதில் மகளுக்கு ஓர் இடம் கேளுங்கள். கூட்டத்தோடு ஆடும் இடமாக இருக்கட்டும், தனியாக வாசிக்கும் இடம் இப்போது வேண்டாம். புத்தகத்தை வைத்து அவளைப் பள்ளிக்குள் இழுக்க முடியாத இந்த நேரத்தில், குடிலுக்கு வைக்கோல் கொண்டுபோகும் வேலை இழுத்துவிடும்.

இனி பள்ளியை மாற்றுவது. என் பதில், இப்போது மாற்றாதீர்கள் என்பதுதான்.

உங்கள் மச்சான் தங்கை மகளுக்கு நல்லது நினைத்துத்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அங்கே போனால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். தமிழிலேயே எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை, ஆங்கிலத்தில் அறிவியலும் சமூக அறிவியலும் இருக்கிற மூன்றாம் வகுப்பில் போய் உட்காருவாள். வேனில் போய்வரும் நேரம் வேறு. அவளை ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்த்த டீச்சர் அங்கே இல்லை, தெருத் தோழிகளும் இல்லை. புத்தகத்தைப் பார்க்காமல் ஒப்பிக்க அவள் சீக்கிரமே கற்றுக்கொள்வாள், வீட்டில் எல்லாரும் படிக்கிறாள் என்று சந்தோஷப்படுவார்கள். ஆறாம் வகுப்பில்தான் அவளுக்கு வாசிக்கவே வராது என்பது தெரியவரும். பக்கத்து வீட்டுப் பையன் இங்கிலீஷ் படிக்கிறான் என்கிறீர்களே, அவன் பார்க்காத ஒரு பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னீர்களா? அவனைக் குறை சொல்லவில்லை, அவனும் அதே பத்தொன்பது மாதத்தைக் கடந்து வந்த பிள்ளைதான்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் இரண்டு டீச்சர் ஐந்து வகுப்பைச் சேர்த்துப் பார்த்துக்கொள்வதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். சாதாரண காலத்தில் அது குறைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். இந்த வருடத்துக்கு மட்டும் அதுவே அவளுக்குத் துணை. ஒரே கூடத்தில் எல்லா வகுப்பும் தரையில் வட்டமாக உட்காரும் பள்ளியில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக் குழுவோடு உட்கார்ந்து எழுத்து படித்தால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் 2007 முதல் பரவலாக வந்த செயல்வழிக் கற்றலில் அட்டை, ஏணி என்றெல்லாம் வைத்தது இதற்காகத்தான்: பிள்ளை தன் படியிலிருந்து ஏறலாம், வகுப்பு முழுவதும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. நாற்பது பேர் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தில் இருக்கும் பள்ளியில் மகளுக்காகத் தனியாக ஒருவர் கீழே இறங்கி வருவது கடினம். உங்கள் ஊரில் டீச்சருக்கு அவள் பெயரும் தெரியும், அவள் அம்மா எந்த வயலில் வேலை செய்கிறாள் என்பதும் தெரியும்.

பெயிலாக்கிவிடுவார்களோ என்ற கவலையும் வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் அப்படி நிறுத்திவைப்பதில்லை. அரசு உதவி பெறும் பள்ளி என்றால் புத்தகமும் சத்துணவும் இலவசம். மெட்ரிக் பள்ளிக்கும் வேனுக்கும் கட்டும் பணம் இப்போது உங்கள் கடனை அடைக்கப் போகட்டும்.

இன்னொன்று. 2021 அக்டோபர் 27ஆம் தேதி மரக்காணம் பக்கத்தில் முதலமைச்சர் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஊரிலேயே படித்த தன்னார்வலர் ஒருவர் மாலை ஒன்று, ஒன்றரை மணி நேரம் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். கட்டணம் கிடையாது. உங்கள் தெருவில் தொடங்கியாயிற்றா என்று மனைவியை விசாரிக்கச் சொல்லுங்கள். இன்னும் ஒன்று தோன்றுகிறது. தன்னார்வலராக இருக்கப் பெரிய பட்டம் கேட்பதில்லை. உங்கள் ஊரில் கல்லூரி போன ஒரு பெண் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தால், அவளிடம் யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் பங்கு. எட்டாவது படித்தவன் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கத்துக்குப் பிழை இல்லாமல் தமிழில் கடிதம் எழுதத் தெரிந்த அப்பா போதும்.

மனைவியை ஒரு தாளில் பெரிய எழுத்தில் ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். முதல் வரி: மரம், படம், கல், வயல். இரண்டாவது: பால், வானம், காகம், நாய். மூன்றாவது: கிளி, மணி, மீன். நான்காவது: பூ, முயல், குருவி. ஐந்தாவது: பை, தேன், பெட்டி, கொக்கு. ஒரு நாள் சாயங்காலம் விளையாட்டாகப் படிக்கச் சொல்லட்டும். முதல் வரியில் புள்ளி தவிர வேறு குறி இல்லை, இரண்டாவதில் கால் வரும், மூன்றாவதில் இ, ஈ ஒலிக்கு மேலே வரும் சுழி. நான்காவதில்தான் பல பிள்ளைகள் விழுவார்கள், ஏனென்றால் உ, ஊ சேரும்போது ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு விதமாக வளையும். ஐந்தாவதில் கொம்பு முன்னால் வந்து நிற்கும். எந்த வரியில் தடுக்கி நிற்கிறாளோ, அதற்கு முந்தைய வரியிலிருந்து தொடங்க வேண்டும். அவளுக்கு 'எதுவுமே தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக முதல் வரியும் இரண்டாவதில் பாதியும் தெரிந்திருக்கும். தாளைப் போட்டோ எடுத்து டீச்சருக்கும் காட்டுங்கள், அவருக்கு அது உதவும்.

அடுத்தது நேரம். நீங்கள் குளித்துச் சாப்பிட்டு முடிக்கும்போது இரவு 9 மணி என்றால், ஊரில் மாலை 6.30. அவள் விளையாடி முடித்து வீட்டுக்கு வரும் நேரம். தினமும் வீடியோ காலில் பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் வேண்டாம். அவள் வாசிப்பாள், நீங்கள் கேட்பீர்கள். தடுமாறினால் மூன்று வரை மனதுக்குள் எண்ணுங்கள், வரவில்லையென்றால் சொல்லை நீங்களே சொல்லிவிட்டு மேலே போங்கள். "இதுகூடத் தெரியலையா", "நேத்துதானே சொன்னேன்" இரண்டும் வாயில் வரவே கூடாது. அதே பக்கத்தை மூன்று நாள் படிக்கட்டும், மூன்றாம் நாள் சரளமாக வரும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.

வீடியோ காலால் இன்னொரு லாபமும் இருக்கிறது. பள்ளியில் டீச்சரும் முகக்கவசம் போட்டிருக்கிறார், பிள்ளையும் போட்டிருக்கிறது. ல, ள, ழ சொல்லும்போது நாக்கு எங்கே போகிறது என்று பிள்ளை பார்க்கவே முடிவதில்லை. உங்கள் முகம் திரையில் முழுசாகத் தெரியும். மெதுவாக, வாயைத் திறந்து சொல்லிக்காட்டுங்கள்.

வாரம் ஒரு கடிதமும் எழுதுங்கள். தாளில் பேனாவால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புங்கள். அவளுக்குத் தெரிந்த வரியில் உள்ள எழுத்துகளை மட்டும் வைத்து எழுத வேண்டும். "நான் அப்பா. வானம் பார். மரம் பார்." முதல் வாரத்துக்கு இது போதும். சுழி பிடிபட்டதும் "மணி அடி" என்று எழுதலாம். மாதம் போகப்போக நீங்கள் ஏறிய மாடி, கிரேன், அறையில் சமைத்த குழம்பு எல்லாம் கடிதத்தில் வரும். பாடப்புத்தகத்தில் இல்லாத, தனக்கென்றே வந்த எழுத்தைப் படிக்கப் பிள்ளைக்கு வேறு ஆசை உண்டு. கதை வேண்டுமென்றால் ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் தமிழில் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. முதல் நிலைக் கதைகளில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான். அந்தப் போனை இனி இதற்கும் பயன்படுத்தலாம். போனை ஒரேயடியாகப் பிடுங்க வேண்டாம், இரண்டு வருடம் அவளுக்கு இருந்த ஒரே துணை அது. இரவு எட்டு மணிக்குமேல் போன் அம்மாவிடம் என்று ஒரு வழக்கம் வைத்தால் போதும்.

மனைவி விஷயத்தில் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அவர் உங்களைக் குத்திக் காட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வருடம் அவர் ஒருவரே அம்மா, அப்பா, டீச்சர் எல்லாமாக இருந்திருக்கிறார். அவருக்கும் உள்ளுக்குள் குற்ற உணர்வு இருக்கும், அதுதான் உங்கள் மேல் கோபமாக வருகிறது. "நீ என்ன பார்த்துக்கிட்டு இருந்தே" என்று பதிலுக்குக் கேட்டுவிடாதீர்கள். "சாயங்காலம் பத்து நிமிஷம் நான் பார்த்துக்கிறேன், நீ அந்த நேரம் உட்காரு" என்று சொல்லுங்கள். உங்கள் பக்கமும் எனக்குப் புரியாமல் இல்லை. 2020 ஏப்ரலில் விடுதிகளை மூடியபோது நீங்கள் அறைக்குள், அவள் வீட்டுக்குள் என்று எழுதிய வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அறையை விட்டு வெளியே வர முடியாத மாதங்களிலும் வீட்டுக்குப் பணம் அனுப்பியவர் நீங்கள். மகளை விட்டுவிட்டவர் என்று உங்களை நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ஊருக்கே திரும்புவதைப் பற்றி: மகளின் வாசிப்புக்காக மட்டும் வேலையை விட வேண்டியதில்லை. கடன் பாக்கியோடு வேலை இல்லாத அப்பா வீட்டில் இருந்தால், அந்த வீட்டின் கவலையும் அவள் தலையில்தான் ஏறும். விடுப்பு கிடைக்கும்போது போய்ப் பாருங்கள், அது வேறு.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? முதலில் கண்ணும் காதும். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறாளா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று மனைவி கவனிக்கட்டும். சந்தேகம் இருந்தால் பட்டுக்கோட்டை அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள், இவ்வளவு நாள் போன் பார்த்த பிள்ளைக்கு எப்படியும் ஒருமுறை கண் பார்ப்பது நல்லது. தினமும் பத்து நிமிடம் என்று மார்ச் வரை விடாமல் செய்தும் இரண்டாவது வரியிலேயே நின்றால், காலையில் படித்த எழுத்து மாலையில் அடியோடு மறந்தால், டீச்சரிடம் சொல்லி வட்டார வள மையத்தின் (பள்ளிக் கல்வித் துறையின் வட்டார அளவிலான மையம்) சிறப்பாசிரியரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அப்படிப் பார்ப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

சிஸ்டரிடம் இதையெல்லாம் இந்த வாரமே பேசிவிடுங்கள். சிஸ்டர்களுக்குப் பெரும்பாலும் மே, ஜூன் வாக்கில்தான் இடமாற்றம் வரும். இப்போது இருப்பவருக்கு மகளின் கதை முழுசாகத் தெரிந்தால், மாறிப்போனாலும் அடுத்து வருபவரிடம் சொல்லிவிட்டுப் போவார். வாய்ஸ் மெசேஜ் போதும். நீங்கள் அந்தப் பள்ளியில் படித்தவர் என்பதையும் சொல்லுங்கள், அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

மெட்ரிக் பள்ளி வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடை விடுமுறைக்கு முன் அந்த ஐந்து வரியையும், அப்புறம் அவள் பார்த்திராத ஒரு பத்தியையும் படிக்கவையுங்கள். தடங்கல் இல்லாமல் படித்தால், அவளையும் கேட்டுவிட்டு, ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எங்கே என்று நிதானமாக யோசிக்கலாம். உங்கள் மச்சான் ஜனவரியிலேயே வந்து, இப்போதே அட்வான்ஸ் கட்டினால்தான் சீட் என்பார். கட்டாதீர்கள்.